வான்கோழி வேண்டாம், சம்பளத்தைப் பேசுங்கள்

பெறுநர்: லண்டன் பங்குச் சந்தையின் முதல் 100 நிறுவனங்களில், தலைமை நிர்வாகிகளின் சம்பளத்தை முடிவு செய்யும் ஊதியக் குழுவில் இருப்பவர்கள்

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். டிசம்பர் பிறந்துவிட்டால் உங்கள் அலுவலகங்களில், டிக்கன்ஸ் கதையில் வரும் கஞ்சக் கிழவர் ஸ்க்ரூஜின் பெயர் அடிபடாத நாளே கிடையாது. விருந்துக்குப் பங்குப் பணம் தர யோசிப்பவரை ஸ்க்ரூஜ் என்று கிண்டல் செய்வார்கள். வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் உணவு வங்கிக்காக ஓர் அட்டைப்பெட்டி வைப்பார்கள். பாஸ்தா பாக்கெட், டின் பீன்ஸ், யாராவது தாராள மனசுக்காரர் வைத்த சாக்லேட் டப்பா என்று அது நிரம்பும். ராத்திரி அந்தப் பெட்டியை நகர்த்திவிட்டுத் தரையைத் துடைப்பவர்களில் சிலர் அதே வாரம் உணவு வங்கி வாசலில் நிற்க வேண்டியவர்கள். அவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குச் சம்பளப் பட்டியல் போடுவது என் வேலை.

நான் இருப்பது ஒரு கிளீனிங் கான்ட்ராக்ட் கம்பெனி. லண்டனில் வங்கிகளும் பெரிய கம்பெனிகளும் இருக்கும் சிட்டியிலும் கேனரி வார்ஃபிலும் உங்களுடையவை போன்ற கட்டிடங்களுக்கு விடிகாலையிலும் ராத்திரியிலும் ஆள் அனுப்புகிறோம். அவர்கள் எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள், எத்தனை மணிக்கு வெளியே வந்தார்கள், வரி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று பார்ப்பது நான்.

இதை ஏன் தமிழில் எழுதுகிறாய் என்று கேட்கலாம். இங்கிலீஷில் எழுதினால் உங்கள் செயலாளர் "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று நாலு வரி அனுப்பிக் கதையை முடித்துவிடுவார். தமிழில் எழுதினால், உங்கள் கூட்டம் முடிந்ததும் காபிக் கோப்பைகளை எடுக்க வருகிறவர்களாவது படிப்பார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

சரி, சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' கதைக்கு வருகிறேன். எபினேசர் ஸ்க்ரூஜ் லண்டனில் கடன் கொடுத்து வாங்கும் கணக்கு அலுவலகம் நடத்தும் கிழவர். எச்சில் கையால் காக்கை ஓட்டாத ஆள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ஏழு வருடம் முன்பு செத்துப்போன கூட்டாளி ஜேக்கப் மார்லியின் ஆவி சங்கிலியை இழுத்துக்கொண்டு வருகிறது. சங்கிலியில் கோத்திருப்பவை பணப்பெட்டி, சாவி, பூட்டு, பேரேடு, பத்திரம். அப்புறம் மூன்று ஆவிகள் வந்து நேற்றையும் இன்றையும் நாளையையும் காட்டுகின்றன. விடிந்ததும் கிழவர் மனம் மாறி எழுகிறார். தன் குமாஸ்தா பாப் கிராட்சிட் வீட்டுக்குப் பெரிய வான்கோழி ஒன்றை வாங்கி அனுப்புகிறார். நாடகத்திலும் சினிமாவிலும் பார்த்தவர்களுக்கு மனதில் நிற்பது அந்த வான்கோழிதான்.

சம்பளப் பட்டியல் போடுகிறவனுக்கு வேறு இடங்கள் கண்ணில் படும். முதல் அத்தியாயத்திலேயே ஸ்க்ரூஜின் அறைக்கதவு திறந்து கிடக்கிறது, குமாஸ்தா மேல் ஒரு கண் வைத்துக்கொள்வதற்காக. குமாஸ்தா இருப்பது தொட்டி மாதிரி ஒரு சின்ன இருட்டறை. அங்கே உட்கார்ந்து கடிதங்களை நகல் எடுக்கிறார். ஸ்க்ரூஜின் கணப்பே சின்னது, குமாஸ்தாவின் கணப்பில் ஒரே ஒரு கரித்துண்டுதான் இருக்கிறதோ என்று தோன்றும். கரிப்பெட்டி முதலாளி அறையில் இருக்கிறது. கரி அள்ள உள்ளே வந்தால் வேலையை விட்டுப் போக வேண்டியதுதான் என்பது முதலாளியின் வாக்கு. ஆகவே கிராட்சிட் கழுத்தில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு மெழுகுவர்த்திச் சுடரில் குளிர்காயப் பார்க்கிறார். அது முடிகிற காரியமா?

அவருக்குச் சம்பளம் வாரம் 15 ஷில்லிங். அப்போது ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஆக வருடத்துக்கு 39 பவுண்டு. மனைவி, ஆறு பிள்ளைகள். மூத்த மகள் மார்த்தா தொப்பிக் கடையில் வேலை பழகுகிறாள். மகன் பீட்டருக்கு வாரம் ஐந்தரை ஷில்லிங்கில் ஒரு வேலை கிடைக்கலாம் என்று அப்பா சாப்பாட்டுக்குப் பிறகு சொல்ல, வீடே குதூகலிக்கிறது. கடைக்குட்டி டைனி டிம்மின் ஊன்றுகோல் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வீட்டு வருமானக் கணக்கைத்தான் யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. சார்லஸ் டிக்கன்ஸ் அதை எண் எண்ணாக எழுதி வைத்திருக்கிறார்.

அவருக்கு அந்த எண்கள் சும்மா வரவில்லை. 1824இல் அப்பா கடனுக்காக மார்ஷல்சீ சிறைக்குப் போனார். 12 வயதுப் பையன் சார்லஸ் தேம்ஸ் கரையில் ஷூ பாலிஷ் தயாரிக்கும் இடத்தில் புட்டிகளுக்கு லேபிள் ஒட்டினான். கூலி வாரம் ஆறோ ஏழோ ஷில்லிங். பெரிய எழுத்தாளரான பிறகு, 1843 தொடக்கத்தில், தொழிற்கூடங்களில் சிறுவர்கள் படும் பாட்டைப் பற்றி ஆணையம் ஒன்று நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையைப் படித்தார். கொதித்துப்போய், ஏழைக் குழந்தைகளுக்காக நாட்டு மக்களிடம் முறையிடும் துண்டுப் பிரசுரம் ஒன்றைப் போடத் திட்டமிட்டார். சில நாளிலேயே அதைக் கைவிட்டார், இதைவிடப் பல மடங்கு ஓங்கி அடிக்கும் வேறு ஒன்றை ஆண்டுக் கடைசியில் செய்யப்போவதாக நண்பருக்கு எழுதினார். செப்டம்பரில் சாஃப்ரான் ஹில் பகுதியில் தெருப் பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளிக்கூடத்தைப் போய்ப் பார்த்தார். அக்டோபரில் எழுத உட்கார்ந்தார். டிசம்பர் 19 அன்று புத்தகம் வெளிவந்தது. 6,000 பிரதிகள் கிறிஸ்துமஸுக்குள் விற்றுப்போயின.

விலை ஐந்து ஷில்லிங். கிராட்சிட் தன் கதையைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால், அந்த வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். டிக்கன்ஸுக்கு இதில் கெட்ட எண்ணம் கிடையாது. தங்க ஓரமும் வண்ணப் படமும் வைத்து அச்சிட்டதில் செலவு ஏறிவிட்டது. ஆயிரம் பவுண்டு எதிர்பார்த்தவருக்கு முதல் பதிப்பில் 230 பவுண்டுதான் தேறியது.

இப்போது கடைசிப் பக்கங்களைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். வான்கோழியை யார் அனுப்பினார்கள் என்று கிராட்சிட்டுக்குச் சொல்லவே கூடாது என்கிறார் ஸ்க்ரூஜ். அது ஒரு விளையாட்டு, அவ்வளவுதான். காரியம் நடப்பது மறுநாள் காலை அலுவலகத்தில். கிராட்சிட் பதினெட்டரை நிமிடம் தாமதமாக வருகிறார் (நிமிடத்தோடு அரை நிமிடத்தையும் சேர்த்து எண்ணியிருக்கிறார் ஆசிரியர், முதலாளியின் கண் கடிகாரத்தில் இருந்ததைக் காட்ட). ஸ்க்ரூஜ் கோபப்படுவதுபோல நடித்துவிட்டு, உன் சம்பளத்தை உயர்த்தப்போகிறேன் என்கிறார். கணப்பை மூட்டு, இன்னொரு கரிக்கூடை வாங்கி வா, அப்புறம் எழுத உட்காரலாம் என்கிறார். முந்தின நாள் தெருவில், நன்கொடை கேட்டு வந்து திட்டு வாங்கிப்போன பெரிய மனிதரைப் பார்த்துக் காதில் ஒரு தொகை சொல்கிறார். அவர் மூச்சடைத்துப்போய் நிற்க, அதில் பழைய பாக்கியும் நிறையச் சேர்ந்திருக்கிறது என்கிறார்.

பழைய பாக்கி! என் தொழிலில் இதற்கு அரியர்ஸ் என்று பெயர். கொடுத்திருக்க வேண்டியதைக் கொடுக்காமல் விட்டவன், நாள் கழித்துக் கொடுப்பது. தர்மத்தை அப்படி யாரும் சொல்வதில்லை. கடனைத்தான் சொல்வார்கள்.

உங்களிடம் பேச வந்த விஷயம் இதுதான். ஸ்க்ரூஜ் திருந்தியதற்கு அத்தாட்சி சம்பளப் பேரேட்டில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் கூடையும் நன்கொடைப் பெட்டியும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வாங்குகிறவர்களுக்கு அது உதவிதான். ஆனால் ஊதியக் குழுவில் உட்கார்ந்திருக்கிற உங்கள் கையில் இருப்பது பேரேடு. நாட்டில் பலரும் ஆசைப்பட்டாலும் தொட முடியாத பேரேடு.

அதில் என்ன எழுதுகிறீர்கள்? மேல்மட்டச் சம்பளங்களை ஆராயும் ஹை பே சென்டர் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, உங்கள் 100 நிறுவனங்களின் தலைமை நிர்வாகிகள் வாங்குவதில் நடுநிலைத் தொகை (வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பது) வருடத்துக்கு 41.9 லட்சம் பவுண்டு. முழுநேர ஊழியர்களின் நடுநிலைச் சம்பளத்தைப்போல 120 மடங்கு. அதாவது 1904இல் ஒருவர் வேலைக்குச் சேர்ந்து, சாகாமல், ஓய்வு பெறாமல், இன்றைய சம்பளத்திலேயே உழைத்திருந்தால் 2024இல் அந்தத் தொகையை எட்டியிருப்பார்.

இதற்காக உங்களை ஸ்க்ரூஜ் என்று திட்ட மாட்டேன். அது பொருந்தாது. அவருடைய கஞ்சத்தனம் அவர் பணத்தில். இருட்டுக்குக் காசு இல்லை என்பதால் ஒற்றை மெழுகுவர்த்தியோடு இருண்ட படியேறுகிற ஆள், படுக்கும் முன் குடிப்பது வெறும் கஞ்சி. நீங்கள் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல மனிதர்கள், அறக்கட்டளைகளில் இருக்கிறீர்கள், கோயில் திருப்பணி மாதிரி அருங்காட்சியகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அள்ளிக் கொடுக்கிறீர்கள். உங்கள் குழுவில் பேராசை பிடித்தவர் என்று விரலை நீட்ட ஒருவரும் இருக்க மாட்டார். அங்கே பேராசை ஒரு நடைமுறையாக உட்கார்ந்திருக்கிறது.

நடைமுறை உங்களுக்குத் தெரிந்ததுதான், படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆலோசகர் ஒருவர் வருவார். அளவிலும் தொழிலிலும் ஒத்த கம்பெனிகளின் பட்டியலை நீட்டுவார். நம் தலைவர் நடுக்கோட்டுக்குக் கீழே இருக்கிறார் என்பார். நம்முடையவர் சராசரிக்கும் கீழே என்று பங்குதாரர்களிடம் எந்தக் குழு சொல்லிக்கொள்ளும்? கோட்டுக்கு மேலே ஏற்றிவிடுவீர்கள். அடுத்த வருடம் உங்கள் எண் இன்னொரு கம்பெனியின் பட்டியலில் போய் உட்காரும், அவர்களும் ஏற்றுவார்கள். எல்லோரும் கோட்டுக்கு மேலேயே நின்றால் கோடுதான் மேலே போகும். உங்களில் பலர் வேறு கம்பெனிகளில் தலைமை நிர்வாகிகளாக இருந்தவர்கள் என்பதால் இதில் யாருக்கும் வலிக்கப்போவதில்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

பெர்சிமன் கதை உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். வீடு கட்டி விற்கும் கம்பெனி. 2012இல் அதன் மேல்மட்டத்துக்கு ஒரு நீண்டகால ஊக்கத்தொகைத் திட்டம் போட்டார்கள். பங்குதாரர்களுக்கு இவ்வளவு பணம் திருப்பித் தந்தால் இவ்வளவு பங்கு என்று கணக்கு. உச்சவரம்பு மட்டும் போடவில்லை. அடுத்த வருடமே அரசாங்கம் வீடு வாங்குவோருக்கு உதவும் ஹெல்ப் டு பை திட்டத்தைத் தொடங்கியது. பெர்சிமன் விற்ற வீடுகளில் ஏறக்குறைய பாதி அந்த உதவியில் போனவை. வரிப்பணத்தில் விற்பனை ஏறியது, பங்கு விலை ஏறியது, தலைமை நிர்வாகி ஜெஃப் ஃபேர்பர்னுக்கு வர வேண்டிய தொகை பத்துக் கோடி பவுண்டைத் தாண்டியது. ஊர் கொந்தளித்த பிறகு அதை ஏழரைக் கோடிக்குக் குறைத்தார்கள். உச்சவரம்பு வைக்கத் தவறியதை ஒப்புக்கொண்டு கம்பெனியின் தலைவரும் ஊதியக் குழுவின் தலைவரும் 2017 டிசம்பரில் விலகினார்கள். ஃபேர்பர்ன் பெரும் பகுதியைத் தர்மத்துக்குத் தருவேன் என்றார். 2018 அக்டோபரில் பிபிசி நிருபர் கேமரா முன் அந்த போனஸைப் பற்றிக் கேட்டதும் பேட்டியிலிருந்து நழுவினார். அடுத்த மாதம் வேலையே போயிற்று. 2019 கடைசியில் வந்த தனி ஆய்வு, அந்தக் கம்பெனியின் வீடுகளில் தீ பரவாமல் தடுக்க வேண்டிய தடுப்புகள் பல இடங்களில் சரியாக வைக்கப்படவில்லை என்பதை எடுத்து வைத்தது.

அந்த போனஸ் விஷயத்தில் யாரும் சட்டத்தை மீறவில்லை. ஒரு தாளில் ஒரு வரி விட்டுப்போனது. அந்தத் தாள் உங்களைப் போன்ற ஒரு குழுவின் மேசையில் இருந்தது. கடைசியில் தர்மம் செய்வதாகச் சொன்னது வான்கோழிக் கணக்கில் வரும். அந்த வீடுகளுக்கு ஓடு போட்டவருக்கும் சாந்து பூசியவருக்கும் பழைய பாக்கி யாரும் எழுதவில்லை.

அடுத்து, கதவைப் பற்றி. 2019 முதல், 250 பேருக்கு மேல் பிரிட்டனில் வேலைக்கு வைத்திருக்கும், பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனிகள் தலைமை நிர்வாகியின் சம்பளம் ஊழியர் சம்பளத்தைப்போல எத்தனை மடங்கு என்று ஆண்டறிக்கையில் போட வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அந்தக் கணக்கில் உங்கள் நேரடி ஊழியர்கள் மட்டும்தான். தரை துடைப்பவர், வாசலில் நிற்கும் செக்யூரிட்டி, கேன்டீனில் தட்டு கழுவுபவர் எல்லாம் கான்ட்ராக்ட் ஆட்கள். அவர்கள் என் பட்டியலில் வருவார்கள், உங்கள் பட்டியலில் வர மாட்டார்கள். குறைந்த சம்பளக்காரர்களை வெளியே ஒப்பந்தத்துக்குத் தள்ளிவிட்டால் உங்கள் மடங்கு அழகாகக் குறையும். ஸ்க்ரூஜ் கதவைத் திறந்து வைத்தது கெட்ட எண்ணத்தில்தான், ஆனாலும் கிராட்சிட் குளிரில் நடுங்குவது அவர் கண்ணில் பட்டது. உங்களுக்கும் உங்கள் நாற்காலியைத் துடைப்பவருக்கும் நடுவில் கட்டிட மேலாண்மைக் கம்பெனி, அதற்குக் கீழே எங்கள் கம்பெனி, சில சமயம் எங்களுக்குக் கீழே இன்னொன்று என்று கதவுகள் அடுக்கடுக்காகச் சாத்தியிருக்கின்றன.

ஒரே ஒரு முறை அது திறந்ததாக எனக்குத் தெரியும். 2003இல் எச்எஸ்பிசி வங்கியின் பங்குதாரர் கூட்டம். அமெரிக்காவில் புதிதாக வாங்கிய கடன் நிறுவனத்தின் தலைவருக்குத் தரப்போகும் பெரும் சம்பளத்தைப் பற்றிப் பங்குதாரர்கள் மல்லுக்கு நின்ற அதே கூட்டம். கேனரி வார்ஃப் கோபுரத்தில் ராத்திரி வேலை பார்த்த துப்புரவுத் தொழிலாளி ஒருவர் எழுந்து வங்கித் தலைவர் சர் ஜான் பாண்டிடம் பேசினார். அந்தத் தலைவரின் அறையையும் துடைப்பவர் அவர். உங்கள் அறையிலேயே நானும் வேலை செய்கிறேன், ஆனால் இந்தச் சம்பளத்தில் பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். கிழக்கு லண்டனில் தேவாலயங்களும் மசூதிகளும் பள்ளிகளும் சங்கங்களும் சேர்ந்து, பிழைக்கப் போதுமான கூலி கேட்டு 2001இல் தொடங்கிய வாழ்வூதிய இயக்கம் அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தியது. மறு வருடம் அந்தக் கோபுரத்துத் துப்புரவுத் தொழிலாளர்களின் சம்பளம் உயர்ந்தது. மூன்று ஆவிகள் தேவைப்படவில்லை. சொல்ல வேண்டியவர் அறைக்குள் வந்தார்.

மேசைக்குக் கீழே நடப்பது உங்களுக்குத் தெரிய நியாயமில்லை, அதனால் டிசம்பர் மாதத்தை மட்டும் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்காகச் சம்பளத்தை முன்கூட்டிப் போடுவது வழக்கம். மாசக் கடைசியில் வர வேண்டியது 19ஆம் தேதியே வந்துவிடும். எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த சம்பளம் ஜனவரிக் கடைசியில், அதற்கு ஆறு வாரம் இருக்கிறது என்பது பத்தாம் தேதிக்கு மேல்தான் உறைக்கும். கைமாற்றுக் கேட்டு எனக்கு வரும் போன்களில் பாதி ஜனவரியில்தான்.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. குறைந்த சம்பளக்காரர்களில் பலர் யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவியையும் நம்பி இருக்கிறார்கள். அதற்கு மாதாமாதம் ஒரு கணக்குக் காலம் உண்டு. நவம்பர்ச் சம்பளம் மாசக் கடைசியிலும் டிசம்பர்ச் சம்பளம் 19இலும் வந்தால், சிலருக்கு இரண்டும் ஒரே கணக்குக் காலத்தில் விழும். கம்ப்யூட்டர் இவர் இந்த மாதம் இரட்டைச் சம்பளம் வாங்கிவிட்டார் என்று முடிவு கட்டி உதவித்தொகையை வெட்டிவிடும். சம்பளத் தேதி இப்படி முன்பின் ஆவதால் அடிபட்ட நான்கு தாய்மார், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள், வழக்குப் போட்டார்கள். 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசு இதைச் சரிசெய்யாமல் விட்டது அறிவுக்குப் பொருந்தாதது என்றது, அந்த வருடமே விதியைத் திருத்தினார்கள். முன்கூட்டிச் சம்பளம் போட்டாலும் வழக்கமான சம்பளத் தேதியையே பதிவு செய்யுங்கள் என்று வரித்துறையும் எங்களுக்குச் சொல்லியிருக்கிறது. ஒரு கட்டத்தில் ஒரு தேதி. அவசரத்தில் அதை மாற்றிப் போட்டால் யாரோ ஒருவர் வீட்டில் கிறிஸ்துமஸ் கழிந்து அடுப்பு எரியாது. நான் டிசம்பரில் அதை ஒன்றுக்கு இரண்டு முறை பார்ப்பேன்.

பதினெட்டரை நிமிடத்துக்கும் இன்று வாரிசு உண்டு. போனில் வருகைப் பதிவுச் செயலி. முன்பு நான் இருந்த ஓர் இடத்தில், நாலு நிமிடம் தாமதித்தால் கால் மணி நேரக் கூலியை வெட்டும்படி அதை அமைத்திருந்தார்கள். சீக்கிரம் வந்து தொடங்கினால் அந்த நிமிடங்கள் கணக்கிலேயே வராது. ஒரு கட்டிடத்தை முடித்துவிட்டு அடுத்த கட்டிடத்துக்கு பஸ்ஸில் போகும் நேரமும் அப்படித்தான் காணாமல் போகும். குறைந்தபட்சச் சம்பளச் சட்டப்படி வேலைக்கு இடையே நடக்கும் அந்தப் பயணம் வேலை நேரம். பிடிபட்டால் ஆறு வருடம் வரை பாக்கியைக் கொடுக்க வேண்டும், அதன்மேல் இரு மடங்கு வரை அபராதம், அரசாங்கம் பெயரையும் வெளியிடும். பிடிபட்டால்.

ஸ்க்ரூஜிடம் நன்கொடை கேட்டு வந்தவர்களுக்கு அவர் என்ன பதில் சொன்னார்? சிறைகள் இல்லையா, ஏழை விடுதிகள் இல்லையா என்றார். 1834 ஏழைச் சட்டம் நாடெங்கும் பரப்பிய விடுதிகள் அவை, புருஷனையும் பெண்டாட்டியையும் பிரித்துப் படுக்க வைத்த இடங்கள். அவற்றுக்கு நான் கட்டுவதே போதும், கஷ்டப்படுகிறவன் அங்கே போகட்டும் என்றார். அங்கே போவதைவிடச் சாவதே மேல் என்று பலர் நினைக்கிறார்கள் என்றதற்கு, சாகட்டுமே, உபரி ஜனத்தொகை குறையும் என்றார். அந்த வாக்கியத்தை இன்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முதல் பாதியைச் சொல்கிறார்கள்: நாங்கள் வரி கட்டுகிறோம், மிச்சத்தை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். பிரிட்டனில் வறுமையில் வளரும் குழந்தைகளில் பத்தில் ஏழு பேர் வீட்டில் யாராவது ஒருவர் வேலைக்குப் போகிறார். ட்ரஸ்ஸல் அமைப்பின் உணவு வங்கிகள் 2010-11இல் கொடுத்தவை ஏறத்தாழ 61,000 பொட்டலங்கள், 2023-24இல் 31 லட்சத்துக்கு மேல். இவர்களில் எத்தனையோ பேர் வேலையில் இருப்பவர்கள். கூலியில் குறைத்ததை வரிப்பணமும் டின் பீன்ஸும் நிரப்புகின்றன.

திறமைசாலிகள் அமெரிக்காவுக்கு ஓடிவிடுவார்கள் என்பீர்கள். லண்டன் பங்குச் சந்தையின் தலைவரே 2023இல் இங்கே மேல்மட்டச் சம்பளம் போதவில்லை என்று பேசினார். இருக்கலாம், பெரிய கம்பெனியை நடத்துவது லேசான காரியமில்லை என்று எனக்கும் தெரியும். மணிக்கு 20 பென்ஸ் கூடக் கிடைக்கிறது என்று என் பட்டியலிலிருந்தும் ஆட்கள் அடுத்த கான்ட்ராக்டரிடம் போகிறார்கள். அதற்கு யாரும் திறமைக்கான போட்டி என்று பெயர் வைப்பதில்லை, ஆள் நிலைக்க மாட்டேன் என்கிறார்கள் என்று சலித்துக்கொள்வதோடு சரி.

கதையில் எனக்கு ஒரு குறையும் உண்டு. ஒரு கிழவர் மனம் மாறினார், ஒரு குமாஸ்தா பிழைத்தார். பக்கத்துத் தெரு குமாஸ்தா என்ன ஆனார்? பஞ்சாலைகளில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பத்து மணி நேர வேலை என்று ஆனது 1847இல் வந்த சட்டத்தால். குறைந்தபட்சச் சம்பளம் இந்த நாட்டில் 1999 ஏப்ரலில்தான் வந்தது, மணிக்கு 3.60 பவுண்டு. வேலைகள் அழிந்துபோகும் என்று எவ்வளவோ பயமுறுத்தினார்கள், அழியவில்லை. ஆகவே உங்கள் இதயம் உருகும் என்று காத்திருக்க நான் இதை எழுதவில்லை. நீங்கள் குழு, விதி போடுகிறவர்கள். உருகாமலேயே விதியை மாற்றலாம்.

அடுத்த ஆண்டறிக்கையில் மடங்குக் கணக்கைப் போடும்போது கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து இன்னொரு முறை போடுங்கள். சட்டம் கேட்கவில்லை, தடுக்கவும் இல்லை. தலைமை நிர்வாகியின் போனஸ் தாளில் கையெழுத்துப் போடும் கூட்டத்திலேயே கட்டிடத்தின் துப்புரவு ஒப்பந்தத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். இப்போது அது வேறு மாடியில், வேறு ஆளால், யார் குறைவாகக் கேட்கிறார்கள் என்று மட்டும் பார்த்து முடிவாகிறது. குறைந்த விலைக்கு எடுத்த நாங்கள் அதை எங்கே போய் ஈடுகட்டுவோம்? ஆட்களின் மணி நேரத்தில்தான்.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. 2025 ஏப்ரலில் சட்டப்படியான குறைந்தபட்சம் மணிக்கு 12.21 பவுண்டாக இருந்தது. லிவிங் வேஜ் ஃபவுண்டேஷன் அதற்கு முந்தைய அக்டோபரில் லண்டனுக்கு அறிவித்த வாழ்வூதியம் 13.85. அன்றைய வித்தியாசம் 1.64. ஒரு கட்டிடத்தில் 30 பேர், ஆளுக்கு வாரம் 20 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 51,000 பவுண்டு சொச்சம். முதலாளி கட்ட வேண்டிய தேசியக் காப்பீட்டைச் சேர்த்தாலும் மேலே சொன்ன 41.9 லட்சத்தில் ஒரு வாரச் சம்பளத்துக்குள் அடங்கிவிடும்.

ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது அந்த வித்தியாசத்தைக் கூட்டி எழுதி அனுப்புங்கள். சாஃப்ட்வேரில் மாற்றி ஏற்ற எனக்கு ஒரு மத்தியானம் போதும். பழைய பாக்கியும் சேர்த்துத் தருவதாக இருந்தால் அதற்கும் பட்டியலில் தனிக் கட்டம் இருக்கிறது, என்ன தேதியிலிருந்து என்று மட்டும் சொன்னால் சரி.

இப்படிக்கு,
சம்பளப் பட்டியல் போடும் ஒரு குமாஸ்தா
கிழக்கு லண்டன்